என்ஜினை எப்போது திறப்பது?

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன் பட்டத்துக்கான பதினான்காவது ஆட்டம், கடைசி ஆட்டமும் அதுவே. பலகையில் ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப், சில சிப்பாய்கள். சென்னையைச் சேர்ந்த குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். ஆட்டம் சமனில்தான் முடியும் என்று நேரலையில் என்ஜின், அதாவது செஸ் நிலைகளைக் கணிக்கும் கணினி நிரல், சொல்லிக்கொண்டிருந்தது. 55-ஆவது நகர்த்தலில் எதிராளி டிங் லிரன் தன் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்து, வேண்டுமானால் வெட்டிக்கொள் என்று நீட்டினார். மூலையில் நின்ற தன் பிஷப்பும் அதைத் தொடர்ந்து மாற்றத்துக்கு இழுபடும் என்பதை அவர் கவனிக்கவில்லை. யானைகள் போயின, பிஷப்புகள் போயின, மிஞ்சிய சிப்பாய் ஆட்டத்தில் டிங்கின் வெள்ளைக்கு உயிரில்லை. 58-ஆவது நகர்த்தலோடு பட்டம் சென்னைக்கு வந்தது. என்ஜின் சொன்னது பொய்யல்ல. ஆனால் அது களைப்பே தெரியாத, கடிகாரத்துக்குப் பயப்படாத ஒரு எந்திரத்துக்கான சமநிலை. மணிக்கணக்கில் தற்காப்பிலேயே உட்கார்ந்திருந்த மனிதருக்கு அதே நிலை கத்திமுனை. அந்த வேறுபாட்டைத் திரையில் வரும் எண் காட்டாது. பயிற்சியாளர் இல்லாமல் என்ஜினை வைத்துத் தானாகவே செஸ் கற்க முனைபவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

1997-இல் உலக சாம்பியன் காஸ்பரோவை வீழ்த்திய டீப் புளூ அலமாரி அலமாரியாக நின்ற கணினி. இன்று ஸ்டாக்ஃபிஷ் என்ற என்ஜின் காசில்லாமல் கிடைக்கிறது. சாதாரண கைபேசியில் ஓடும்போதே எந்த உலக சாம்பியனையும் வெல்லும். இவ்வளவு பெரிய ஆசான் சட்டைப்பையில் இருக்கும்போது கற்பதற்கு என்ன தடை என்று தோன்றுவது இயல்பு. நடப்பதைப் பாருங்கள். ஆட்டத்தில் தோற்கிறோம். உடனே அலசல் பொத்தானை அழுத்துகிறோம். 17-ஆவது நகர்த்தலுக்குச் சிவப்புக் குறி. குதிரையைப் பின்வாங்கியது தவறாம், சிப்பாயைத் தள்ளியிருக்க வேண்டுமாம், இழப்பு ஒன்றரைச் சிப்பாய். ‘அட, ஆமாம்’ என்று தலையாட்டிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போகிறோம். ஏன் தள்ள வேண்டும்? அந்த ஒன்றரைச் சிப்பாய் பன்னிரண்டு நகர்த்தல் தாண்டி எங்கோ ஒரு மூலையில் ஒளிந்திருக்கிறது. அடுத்த வாரம் அதே போன்ற நிலையில் அதே குதிரையை மறுபடியும் பின்வாங்குவோம். பள்ளிக்காலத்துக் கோனார் உரையைக் குறை சொல்வது நமக்கு வழக்கம். அதுகூடப் பதவுரை, பொழிப்புரை என்று ஏதோ விளக்கியது. என்ஜின் விடையையும் எண்ணையும் மட்டும் நீட்டுகிறது.

மனித மூளை செஸ்ஸை எப்படிக் கையாள்கிறது என்பதை உளவியலாளர்கள் வெகுகாலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். டச்சு ஆய்வாளர் டி குரூட் 1940-களில் வலுவான ஆட்டக்காரர்களைச் சத்தமாக யோசிக்கச் சொல்லிக் கேட்டார். உச்சத்தில் இருந்தவர்கள் மற்ற நல்ல ஆட்டக்காரர்களைவிட அப்படியொன்றும் அதிக ஆழம் கணக்கிடவில்லை. சரியான நகர்த்தல் அவர்கள் கண்ணில் சீக்கிரமே பட்டது, அவ்வளவுதான். 1973-இல் சேஸும் சைமனும் இன்னொரு படி போனார்கள். உண்மையான ஆட்டத்து நிலையைச் சில விநாடி காட்டினால் மாஸ்டர் மற்றவர்களைவிட மிக அதிகமான காய்களைச் சரியாகத் திருப்பி அடுக்கினார். காய்களைத் தாறுமாறாகக் கொட்டிக் காட்டியபோது அவருடைய அனுகூலம் ஏறக்குறைய மறைந்துபோனது. ஆக, திறமை என்பது கோடிக்கணக்கான நிலைகளைச் சலிப்பதில் இல்லை. பழகிய வடிவங்களை அடையாளம் காண்பதில் இருக்கிறது. என்ஜின் விநாடிக்குப் பல லட்சம் நிலைகளைச் சலித்துத்தான் விடைக்கு வருகிறது. அந்த வழியில் நம்மால் நடக்கவே முடியாது. வந்து சேர்ந்த இடத்தை மட்டும் மனப்பாடம் செய்து என்ன பயன்? தானே முயன்று உருவாக்கிய விடை, படித்துத் தெரிந்துகொண்ட விடையைவிட நன்றாக நினைவில் நிற்கும் என்பதையும் ஸ்லமெக்கா, கிராஃப் இருவரும் 1978-இல் சோதனைகளில் காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்தியவை வெறும் சொற்கள்தான். செஸ்ஸுக்கு அது பொருந்தாது என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஆகவே என் வாதம் சிறியது: என்ஜின் வேண்டும், ஆனால் கடைசியில் வேண்டும். குகேஷின் ஆரம்பகாலப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அந்த ஆண்டுகளில் அவரை என்ஜின் பக்கமே விடவில்லை என்பது தெரிந்த செய்தி. இதைச் சான்றாகக் காட்டினால் உடனே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு: குகேஷின் பக்கத்தில் ஒரு கிராண்ட்மாஸ்டர் உட்கார்ந்திருந்தார், தனியாகக் கற்கும் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? உண்மைதான். பயிற்சிக் கட்டணம் கட்ட முடியாத வீட்டுக்கு, செஸ் சங்கம் இல்லாத ஊருக்கு, என்ஜின் பெரிய வரம். அதனால்தான் அந்தப் பிள்ளைக்கு அதைக் கையாளும் முறை இன்னும் முக்கியமாகிறது. பயிற்சியாளர் இருந்தால் ‘இதை ஏன் ஆடினாய்?’ என்று கேட்பார். என்ஜின் அந்தக் கேள்வியைக் கேட்காது. கேள்வியை நாமே நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் என்ஜினோடுதானே குடியிருக்கிறார்கள் என்பது இன்னொரு மறுப்பு. ஆமாம். ஆனால் அவர்கள் அதனிடம் போகும்போது கையில் ஒரு கேள்வியோடு போகிறார்கள். உதாரணமாக, ஆல்ஃபாஜீரோ என்ற நிரல் விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு தானாகவே கற்று, 2017-இல் ஸ்டாக்ஃபிஷ்ஷோடு ஆடிய நூறு ஆட்டங்களில் 28-ஐ வென்று, ஒன்றுகூடத் தோற்காமல் வந்தது. ஓரத்துச் சிப்பாயை எதிராளியின் ராஜாவை நோக்கித் துணிந்து தள்ளும் அதன் பாணியைப் பல கிராண்ட்மாஸ்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் எடுத்தது எண்ணை அல்ல, கருத்தை. கருத்தைப் பிரித்தெடுக்கும் பயிற்சி அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. ‘எந்திரமே தனியாகக் கற்றதே’ என்று ஆல்ஃபாஜீரோவை முன்மாதிரியாகக் காட்டுபவர்களுக்கு ஒன்று: அது தன்னோடு தானே ஆடிய ஆட்டங்கள் நான்கு கோடிக்கு மேல்.

தனியாகக் கற்பவர் செய்யக்கூடியது இருக்கிறது, அது பழைய முறை. சோவியத் சாம்பியன் போட்வின்னிக், சொந்த ஆட்டங்களை அலசி எழுதி அச்சில் வெளியிடச் சொன்னார். தவறைப் பிறர் பிடிப்பார்கள் என்பதற்காக. இன்று அந்தப் பிறருடைய வேலையை என்ஜினிடம் கொடுக்கலாம். ஆட்டம் முடிந்ததும் ஒரு நோட்டுப் புத்தகம்: எங்கே திட்டம் போட்டேன், எதற்குப் பயந்தேன், எங்கே ஆட்டம் கையைவிட்டுப் போனது என்று நினைக்கிறேன். எழுதி முடித்த பிறகே என்ஜின். நாம் ‘இங்கேதான் தோற்றேன்’ என்று எழுதிய இடத்தை அது கண்டுகொள்ளாமல், பத்து நகர்த்தல் முன்னால் போய் நிற்கும். அந்தப் பத்து நகர்த்தல் இடைவெளிதான் அன்றைய பாடம். எதிராளியாக அதை வைத்துக்கொள்வதிலும் எச்சரிக்கை தேவை. பலம் குறைத்த என்ஜின் பெரும்பாலும் பத்து நகர்த்தல் மேதைபோல ஆடிவிட்டுத் திடீரென்று ராணியைத் தூக்கிக் கொடுக்கும். தெருமுனையில் ஆடும் எந்த மனிதரும் அப்படித் தவறுவதில்லை. மனித ஆட்டங்களைப் படித்து மனிதர்களைப் போலவே தவறுமாறு உருவாக்கப்பட்ட மாயா என்ற என்ஜினும் இலவசமாகவே கிடைக்கிறது. அதையும்விடப் பக்கத்து வீட்டுப் பையன் மேல். தோற்றால் அவனிடம் ‘எதை யோசித்து அதை ஆடினாய்?’ என்று கேட்கலாம். வாய்க்கு வந்ததைச் சொன்னாலும் அவன் ஏதாவது ஒரு காரணம் சொல்வான்.