செத்த ஓடுகளின் காவல்

கழிமுகங்களைக் காக்க வேண்டும் என்போர் பெரும்பாலும் கரையில் நிற்கும் சதுப்புநிலக் காடுகளையே எண்ணுகின்றனர். நல்லதுதான். ஆனால் நீருக்கு அடியில் கிடக்கும் தரையைப் பற்றிப் பேசுவார் இல்லை. மட்டியின் விளைச்சலை முடிவு செய்வது அத்தரையே என்பது என் கருத்து.

மட்டிக் குஞ்சு முதலில் நீரில் மிதந்து திரிகிறது. பின்னர் தரையில் இறங்கும்போது அது மணல் துகள் அளவே இருக்கும், ஓடும் மெல்லியது. வளர்ந்த மட்டி ஆழமாகப் புதைந்து தப்பும். குஞ்சுக்கு அது முடியாது. நீரை உறிஞ்சும் குழல் குட்டையாதலால் மேல்மண்ணிலேயே கிடக்க வேண்டும். வெறுஞ்சேற்றில் நண்டு காலால் துழாவினால் போதும், விருந்து தயார்! அதே இடத்தில் கடற்புல்லின் வேர்ப் பின்னலோ செத்த ஓடுகளோ இருந்தால், நண்டு தோண்டித் தோண்டிச் சலிக்கிறது. கிடைப்பது சிறிது, உழைப்போ பெரிது என்றால் அது வேறிடம் தேடிப் போய்விடும். எஞ்சிய குஞ்சுகள் பிழைக்கும்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலக் கடலோர விரிகுடாக்கள் இதற்குச் சான்று. அங்கே விசிறிச் சிப்பியின் குஞ்சு, தரை நண்டுக்கு எட்டாத உயரத்தில் கடற்புல்லின் இலையைப் பற்றி வளர்ந்தது. 1930களில் ஒரு நோயும், 1933இல் வீசிய புயலும் அப்புல்லை அழித்தன. சிப்பித் தொழிலும் அதனோடு மறைந்தது. பின்னாளில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் பாடுபட்டு 7 கோடிக்கு மேற்பட்ட புல் விதைகளைத் தூவியே புல்வெளியை மீட்டனர்.

நாமோ செத்த கிளிஞ்சலைக் குப்பை என்றெண்ணி வாரிக் காளவாயில் இடுகிறோம். என் சித்தப்பா கிளிஞ்சல் அள்ளிப் பிழைப்பவர். அவர் அள்ளும் கூடையில் செத்த ஓட்டோடு, நகக்கண் அளவு உயிருள்ள மட்டியும் வருவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூலியில் ஒரு பங்குதான் என்னை இக்கல்லூரிக்கு அனுப்பியது. எனவே, "அள்ளாதே" என்று சட்டம் போடுங்கள் எனக் கூற என் நா எழாது. பிழைப்பைப் பறித்து மட்டியைக் காப்பது நியாயமும் அன்று.

தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பி வளர்ப்பில் இறங்கியபோது, குஞ்சுகள் ஒட்டிக்கொள்ளக் கூரை ஓட்டில் சுண்ணாம்பு பூசி நீரில் வைத்தனர். கழிமுகத்துப் பழைய ஓடுகள் இவ்வேலையைக் கூலியின்றிச் செய்து வந்தவை!

நான் வேண்டுவது சிறிது. அள்ளியதைப் படகிலேயே பெருங்கண் சல்லடையில் சலித்து, குஞ்சுகளையும் உடைந்த ஓடுகளையும் அவ்விடத்திலேயே திரும்பக் கொட்டலாம். ஆற்றுவாயில் ஒரு பகுதியை மட்டும் தொடாமல் விடலாம். எப்பகுதி என்பதை அள்ளுவோரே கூடி முடிவு செய்யட்டும். "சல்லடைக்குக் காசு யார் தருவது? குறையும் கூடைக்குக் கூலி யார் தருவது?" என்று கேட்கிறார் சித்தப்பா. மீன்வளத் துறையினர் முதலில் விடை கூற வேண்டியது அவருக்குத்தான்.