நடவாத போரின் வரலாறு

இணையக் கலைக்களஞ்சியமாகிய விக்கிப்பீடியாவை மாணாக்கர் கையாளலாமா என்னும் வினா ஆசிரியர் கூடுமிடமெல்லாம் எழுகின்றது. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்ற ஏற்பாட்டில் உண்மை எங்ஙனம் நிலைக்கும் என்பர் ஒரு சாரார். எடுத்ததற்கெல்லாம் அதனையே பிரமாணமாகக் காட்டுவர் மற்றொரு சாரார். இரு சாராரும் அதனைப் படிப்பது பற்றியே வாதாடுகின்றனர். அதில் எழுதுவது பற்றிப் பேசுவாரைக் காணோம். நம் மாணாக்கர் போர் வரலாறு ஒன்றையேனும் அங்கே திருத்தி எழுதப் பழகுதல் வேண்டும் என்பது எமது கட்சி. அதனை நிறுவுதற்கு, நடவாத போரொன்றின் கதையை முதற்கண் சொல்லவேண்டியிருக்கின்றது.

2007ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவில் பிச்சோலிம் போர் என்னும் கட்டுரை தோன்றியது. பிச்சோலிம் கோவாவின் வடபாகத்திலுள்ள ஓர் ஊர். ஊர் மெய்யே. 1640, 1641ஆம் ஆண்டுகளில் போர்த்துக்கேயருக்கும் மராத்தியப் பேரரசுக்கும் அங்கே போர் மூண்டதென்றும், அஃது ஓர் உடன்படிக்கையில் முடிந்ததென்றும், கோவா பின்னாளில் தனித்து நிற்பதற்கு அவ்வுடன்படிக்கை உதவிற்றென்றும் கட்டுரை கூறிற்று. ஏறக்குறைய 4,500 சொற்கள், இடையிடையே அடிக்குறிப்புகள், அவற்றில் நூற்பெயர்கள். அவ்வாண்டு செப்டெம்பரிலேயே அதற்கு 'நல்ல கட்டுரை' என்ற தரம் கிடைத்தது. நூற்றுக்கு ஒன்றெனும் அளவுக்குங் கீழ்ப்பட்ட கட்டுரைகளே அத்தரம் பெறுவன. அதனினும் மேலான 'சிறப்புக் கட்டுரை' என்னும் தரத்துக்கு முன்மொழிந்தபோது மாத்திரம் கைகூடவில்லை. ஐந்தாண்டுகள் கழிந்தன. 2012ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு திருத்துநர் அடிக்குறிப்பிற் கண்ட நூல்களைத் தேடிச் சென்றார். அப்படி நூல்கள் இல்லை. போரும் நடக்கவில்லை. டிசம்பர் மாதத்திற் கட்டுரை நீக்கப்பட்டது.

இதனைக் கேட்டுச் சிரிப்பவர் பலர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஆண்டுகளை நினைவில் வைத்திருக்கும் ஒரு பள்ளி மாணாக்கன் நூல் எதனையுந் தேடாமலே அக்கட்டுரையை ஐயுற்றிருக்கலாம். 1640இல் சிவாஜி பத்தோ பதின்மூன்றோ வயதுச் சிறுவன். அவன் தந்தை சாகாஜி பிஜப்பூர்ச் சுல்தானின் சேவகத்தில் இருந்தவர். சிவாஜி முடிசூடியது 1674இல். ஆகவே 1640இற் போருக்கு எழுந்த மராத்தியப் பேரரசு எங்கிருந்து வந்தது? கோவாவோ 1961ஆம் ஆண்டு டிசம்பர் வரை போர்த்துக்கேயர் கையிலேயே இருந்தது. இந்தியாவில் தனி மாநிலமாகியது 1987இல். இனி, அந்த ஆண்டுகளிற் போர்த்துக்கேயர் உண்மையில் எங்கே பொருதுகொண்டிருந்தனர்? நம் நாட்டார்க்கு இது தெரியும். 1640ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் காலிக் கோட்டையை ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1641 சனவரியில் மலாக்கா வீழ்ந்தது. கோவாவிலிருந்து கீழைக்கடலை ஆண்டவர்கள் கோட்டை கோட்டையாக இழந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், வீட்டு வாயிலில் ஒரு பேரரசோடு இரண்டாண்டு பொருதிருப்பின் அதன் சுவடு காலி வரலாற்றிலேனும் காணப்படாமற் போகுமா?

இத்தனை வினாக்களும் இருக்கவும், தரம் வழங்கினோர் ஏன் வினவவில்லை? அவர்கள் நோக்கியது கட்டுரையின் வடிவத்தை. தலைப்புகள் ஒழுங்கு, நடை செவ்விது, அடிக்குறிப்புகள் உண்டு, நடுநிலை தவறாத தொனி உண்டு. பரீட்சை விடைத்தாளை நாம் திருத்துவதும் பெரும்பாலும் இம்முறையிலேதான் என்பதை ஆசிரியரல்லாதார் முன் சொல்லவேண்டியதில்லை. அடிக்குறிப்பு என்பது ஒரு வாக்குறுதி: 'இன்ன நூலில் இன்ன பக்கத்தில் இஃது உளது' என்று எழுதியவன் தரும் வாக்குறுதி. அதனை ஒருவருஞ் சென்று பாராதவரை அஃது ஓர் எண் மாத்திரமே.

மற்றொரு காரணம் இதனினும் ஆழமானது என்பது எமது எண்ணம். பிச்சோலிம் போருக்குப் பகைவர் இலர். தோற்றவரின் வழித்தோன்றல் எவரும் சினந்து எழவில்லை. வென்றவரின் பேரன் எவனும் மார்தட்டவில்லை. மெய்யான போர்களின் நிலை வேறு. 1812ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவும் பிரித்தானியாவும் தொடங்கிய போரை எடுத்துக்கொள்க. 1814 டிசம்பர் 24இல் கென்ற் நகரத்து உடன்படிக்கை எல்லைகளைப் போருக்கு முன்பிருந்தவாறே வைத்தது. அச்செய்தி கடல் கடந்து சென்று சேருமுன், 1815 சனவரி 8இல் நியூ ஓர்லியன்சில் மீண்டும் இரத்தஞ் சிந்தப்பட்டது. அப்போரில் வென்றவர் யார்? கலைக்களஞ்சியத்தில் ஒவ்வொரு போர்க் கட்டுரைக்கும் பக்கத்தில் ஒரு பெட்டி உண்டு. அதில் 'முடிவு' என்று ஓரிடம். அந்த ஓரிடத்தில் எழுதவேண்டிய ஓரிரு சொல்லின் பொருட்டு அமெரிக்கர் பக்கத்தாரும் கனடாப் பக்கத்தாரும் உரையாடற் பக்கத்தில் ஆண்டுக்கணக்காக வாதாடியுள்ளனர். வெளியே நின்று பார்ப்பார்க்கு இது வீண் வழக்கு. ஆனால் அவ்வழக்கினாலேயே ஒருவர் காட்டிய மேற்கோளை மற்றவர் நூலைத் திறந்து பார்க்கின்றார். வழக்கில்லாத கட்டுரை ஐந்தாண்டு பொய்யாய் இருந்தது. கண்டனமும் மறுப்பும் அச்சிட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பண்டித மரபுக்கு இது புதுமையாகத் தோன்றாது. பூர்வபக்கம் கூறுவான் ஒருவன் இல்லாதவிடத்துச் சித்தாந்தம் சோம்பிவிடும்.

இந்தக் கலைக்களஞ்சியத்தில் எமது மனத்தைக் கவர்ந்தது ஒன்றுண்டு. ஒரு கட்டுரையில் யார், எந்நாளில், எந்தச் சொல்லை எடுத்து எந்தச் சொல்லை வைத்தார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் அப்படியே நிற்கும். சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களோடு போராடிய காலத்தில், இடைச்செருகல் செய்தவன் தன் பெயரையும் நாளையும் ஏட்டின் ஓரத்திற் பொறித்திருந்தால் எவ்வளவு உழைப்பு மிஞ்சியிருக்கும்! நம் அபிதானங்களுக்கும் இவ்வசதி இருந்ததில்லை. 1902இல் யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை வெளியிட்ட அபிதானகோசமாயினும், 1910இல் வெளிவந்த சிங்காரவேலு முதலியாரின் அபிதானசிந்தாமணியாயினும், ஒருவர் தனித்திருந்து தொகுத்தவை. அவற்றிற் பிழை கண்டவன் தன் பிரதியின் ஓரத்தில் எழுதிவைப்பதன்றி வேறென் செய்வான்? 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் அந்த ஓரக்குறிப்பு எல்லார்க்கும் உரியதாகிவிட்டது.

இனி மாணாக்கனிடத்து வருவோம். அவனுக்கு எந்தப் போரைக் கொடுப்பது? 1619ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போரையே கொடுக்கலாம். பிலிப் த ஒலிவேறா படையொடு வந்தான். சங்கிலி குமாரன் பிடிபட்டுக் கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே கொல்லப்பட்டான். இவ்வளவுதானே என்று எழுத உட்காருபவன் மூன்றாம் வாக்கியத்திலேயே தடுமாறுவான். மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை ஒல்லாந்தர் காலத்தது. போர் முடிந்து ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுந்தது. 1544இல் மன்னாரிற் கிறித்தவர்களைக் கொல்வித்த சங்கிலியையும் இறுதி அரசனாகிய சங்கிலியையும் அது ஒருவராகவே மயக்கும். அதனை அப்படியே கொண்டால் ஓரரசன் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாளேந்தி நின்றவனாவான். மறுபுறத்தில் குவேறோஸ் பாதிரியார் கோவாவிலிருந்து எழுதிய பெருநூல். அவர் இலங்கையைக் கண்டவரல்லர், வென்றவர் பக்கத்தவர். அந்நூலை எஸ். ஜி. பெரேரா அடிகள் ஆங்கிலத்திற் பெயர்த்து 1930இல் கொழும்பில் வெளியிட்டனர். இவ்விரண்டிற்கும் இடையே வழி தேடியவர்கள் சுவாமி ஞானப்பிரகாசரும் முதலியார் இராசநாயகமும். ஞானப்பிரகாசரது யாழ்ப்பாண வைபவ விமர்சனம் 1928இல் வெளிவந்தது. அதனை இன்று திறந்து பார்க்கும் மாணாக்கர் எத்தனை பேர்?

இங்கே மாணாக்கன் செய்யவேண்டியது தீர்ப்பன்று. 'வைபவமாலை இன்னவாறு கூறும். குவேறோஸ் இன்னவாறு கூறுவர். ஞானப்பிரகாசர் இக்காரணத்தால் இதனை மறுப்பர்' என்று ஒவ்வொன்றையும் உரியவர் வாயில் வைத்து எழுதுதல். கேட்க எளிது. தன் நெஞ்சில் ஒரு பக்கம் சாய்ந்திருப்பவன் மறுபக்கத்தான் கூற்றை அவன் ஒப்புமாறு எழுதிக்காட்டுதல் எத்துணை அரிது என்பதை எழுதிப் பார்த்தவரே அறிவர்.

அளவை நூல் பயின்றவர்க்கு மற்றொன்று உடனே விளங்கும். காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் கலைக்களஞ்சியம் கொள்வது உரையளவை ஒன்றையே. 'யான் நேரிற் கண்டேன்' என்பவன் சொல் அங்கே செல்லாது; 'யான் ஆராய்ந்து துணிந்தேன்' என்பதும் செல்லாது. வேறோரிடத்தில் முன்னரே வெளிவந்த நம்பத்தக்க எழுத்து வேண்டும். ஒழுங்கு என்ற அளவில் இது நன்று; பிச்சோலிம்களைத் தடுக்கும் அணை இதுவே. ஆயினும் இந்நாட்டிலே 1983 முதல் 2009 வரை நடந்த போரைக் கண்ணாற் கண்டவர்கள் இன்று முதுமை எய்தி வருகின்றனர். அவர்கள் கண்டது அவர்களோடு இருக்கும்வரை எக்கலைக்களஞ்சியத்திலும் ஒரு வரியாகவும் ஏறாது. அச்சேறிய ஒரு பக்கம், அது எத்தரப்பினர் எழுதியதாயினும், சொல்லப்படாத நூறு உண்மைகளை அங்கே வென்றுவிடும். ஆகவே மாணாக்கன் திருத்தப் பழகுவதற்கு இணையாக, ஊர்தோறும் முதியோரிடம் கேட்டு எழுதி, நாளும் இடமும் குறித்து, நூலாகவோ சஞ்சிகையாகவோ வெளியிடும் வேலையும் நடத்தல் வேண்டும். இதில் ஆசிரியர் சங்கங்கள் கைவைக்கத் தாமதிப்பது ஏனோ அறியோம்.

நூல் கிடையாதென்ற சாக்கு இப்பொழுது பாதிதான் செல்லும். பழைய ஈழத்து நூல்கள் பலவற்றை 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம் படம்பிடித்து வைத்துள்ளது. உயர்தர வகுப்பில் வரலாறோ தமிழோ கற்கும் ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொருத்திக்கும் ஒரு தவணைக்கு ஒரேயோர் அடிக்குறிப்பைக் கொடுத்துப் பார்க்கலாம். கட்டுரை எழுதவேண்டாம். அந்த நூல் உண்டா, அந்தப் பதிப்பு உண்டா, அந்தப் பக்கத்தில் அச்செய்தி உண்டா என்று கண்டுவந்து வகுப்பிற் சொன்னாற் போதும். பக்க எண் பிழையாயிருப்பின், அதனைத் திருத்துவதே கலைக்களஞ்சியத்தில் அப்பிள்ளை செய்யும் முதல் திருத்தமாகட்டும்.