பின்னாசனத்துப் பிள்ளைகள்

மொனராகலை என்னும் பெயருக்கு மயிற்பாறை என்று பொருள். சிங்களத்திலே 'மொனரா' மயில், 'கல' பாறை. இதை எனக்குக் கற்பித்தவர் சரித்திர ஆசிரியர் எவருமல்லர். என் மோட்டார் காரின் பின்னாசனத்தில் இருந்த ஏழு வயதுச் சிங்களச் சிறுமி ஒருத்தியே கற்பித்தாள். நானோ அவ்வூரில் தமிழ் ஆசிரியனாக இருந்து ஐந்து ஆண்டுகள் கழித்தவன்!

1980ஆம் ஆண்டு அது. கைமாறிக் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்த பழைய மொறிஸ் மைனர் ஒன்று வைத்திருந்தேன். என் பிள்ளைகள் மூவரையும் பாடசாலைக்குக் கொண்டு போவதே அதன் முதற் கடமை. ஐப்பசி மழை கொட்டிய ஒரு காலை, அடுத்த வீட்டு ஓவசியரின் மகள் சேம்பிலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு வீதியோரம் நின்றாள். வண்டியை நிறுத்தினேன். மறுநாள் அவள் தம்பியும் நின்றான். மூன்றாம் நாள் எதிர்வீட்டு முஸ்லிம் புடைவைக் கடைக்காரரின் புதல்வர் இருவர். அடுத்த கிழமை, மேலே இறப்பர்த் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மக்கள் இருவர். ஆக ஒன்பது பேர்! கூலி வாங்க நான் உடன்படவில்லை; ஓவசியரின் மனைவி அதற்கு ஈடாகப் பலாக்காய் அனுப்பத் தொடங்கினார். அம்மாதரசியின் நன்றியுணர்ச்சிக்கு எல்லையே இல்லை. பலாக்காய்க் கறி என்றால் இன்றும் நான் எழுந்து போய்விடுவது வழக்கம்.

அப்பிள்ளைகளை மூன்று படலைகளில் இறக்க வேண்டும். சிங்களப் பாடசாலை ஒன்று, முஸ்லிம் பாடசாலை ஒன்று, தமிழ்ப் பாடசாலை ஒன்று. காலை எட்டு மணி முதல் பிற்பகல் வரை ஒருவர் முகத்தை ஒருவர் காணார். அவர்கள் ஒன்றாக அமர்ந்திருந்த வகுப்பறை என் காரின் பின்னாசனம் ஒன்றே. அங்கே ஆசிரியரும் இல்லை, பாடத்திட்டமும் இல்லை. ஆயினும் ஓராண்டுக்குள் ஓவசியரின் மகள் தமிழிலே சண்டையிட்டாள். என் மூத்தவன் சிங்களத்திலே பொய் சொன்னான். ஒரு மொழியில் சண்டையிடவும் பொய் சொல்லவும் வந்துவிட்டால் அப்புறம் இலக்கணம் தானாக வரும் என்பது என் துணிபு. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பு ஏற்றுக்கொண்டது 1987இலேதான்.

1982இல் கணக்கப்பிள்ளையின் குடும்பம் இந்தியாவுக்குப் புறப்பட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எங்கோ தலைநகரங்களில் எழுதப்பட்ட கடதாசி. அது எங்கள் வீதிக்கு வந்து சேரப் பதினெட்டு ஆண்டுகள் சென்றன. பசறை மலை வளைவுகளில் ஏறிப் பதுளைப் புகையிரத நிலையம் வரை நானே அவர்களைக் கொண்டுபோய் விட்டேன். அங்கிருந்து தலைமன்னார், அப்பால் கப்பல். பிள்ளைகள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. திரும்பி வந்து காரைக் கழுவியபோது ஆசனத்தின் அடியில் ஒரு கைப்பிடி இறப்பர் விதைகள் கிடந்தன. கல்லிலே தேய்த்துச் சூடேற்றி மற்றவன் கையில் வைத்துத் துள்ளச் செய்வார்களே, அந்த விதைகள். அவற்றை நான் எறியவில்லை.

அடுத்த ஆண்டு ஜூலை. பதுளையில் கடைகள் எரிந்த செய்தி வந்த இரவு ஓவசியர் பின்வழியாக வந்து கார்ச் சாவியைக் கேட்டு வாங்கினார். வண்டியைத் தம் கொல்லையில் நிறுத்திக் கிடுகுகளால் மூடினார். நாங்கள் ஐவரும் நான்கு இரவுகள் அவர் வீட்டு உள்ளறையில் இருந்தோம். வீதியில் ஆட்கள் நடமாடும் ஓசை கேட்டபோது என் இளைய மகள் இருளுக்கு அஞ்சித் தமிழிலே விம்மத் தொடங்கினாள். அவள் வாயைப் பொத்தியவள் அந்தச் சிறுமிதான். "சத்தம் போடாதே, நான் இருக்கிறேன், நித்திரை கொள்" என்று காதோடு காதாகச் சொன்னாள். சொன்னது தமிழில்.

இன்று எங்கள் ஊரில் பாடசாலை வான்களுக்குக் குறைவில்லை. அவற்றை நான் பழிக்க வரவில்லை. ஒன்பது பிள்ளைகளை ஒரு மொறிஸ் மைனரில் அடைத்த நான் பாதுகாப்பைப் பற்றி உபதேசிக்கவும் தகுதியற்றவன். அது பெரும் பிழை, விபரீதம் நேராதது எங்கள் அதிர்ஷ்டம். 2021 மார்ச்சில் லுணுகலை – பசறை வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பல உயிர்கள் போனதை ஊவாவில் யார் மறப்பார்? ஆகவே அளவோடு ஏற்றுங்கள், சாரதியை விசாரியுங்கள். ஆனால் "நம்முடைய பிள்ளைகள் மட்டும் போகிற வானா?" என்று முதலிற் கேட்கும் பெற்றோரை நான் நாள்தோறும் காண்கிறேன். மூவினத்தாரும் கேட்கிறார்கள். அக்கேள்வியைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. மூன்று படலைகள் பிரித்த பிள்ளைகளை வீதியிலுமா பிரிக்க வேண்டும்? தோட்டத்து லயங்களிலிருந்து இறங்கி நடக்கும் சிறுவர்களைக் கண்ணாடி ஏற்றிய கார்கள், வெற்றாசனங்களோடு, புழுதி வாரி இறைத்துக் கடந்து போவதையும் காண்கிறேன். "பிறர் பிள்ளை, நமக்கேன் பொறுப்பு?" என்பார்கள். அப்பிள்ளையின் தாய் தகப்பனிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டால் அவன் பிறர் பிள்ளையா?

சென்ற பொங்கலுக்கு ஓவசியரின் மகள் வந்திருந்தாள். நரை கண்டுவிட்டது, உடன் ஐந்து வயதுப் பேரன். வழியெல்லாம் கதை சொல்லி அழைத்து வந்திருக்கிறாள் போலும். வந்ததும் வராததுமாக, "கார் எங்கே, சீயா?" என்று என்னைக் கேட்டான். பழைய இரும்புக்குப் போட்டு இருபது ஆண்டுகள் ஆகின்றன என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பெட்டியைத் திறந்து இறப்பர் விதைகளை எடுத்துக் கொடுத்தேன்.