இருட்டறைச் செடியும் டிங்கிக் கொசுவும்



நம் தாப்பா பக்கத்து லயத்திலும் பிளாட்டிலும் பல வீடுகளில் முன்கூடம் இருட்டு. அங்கே மணி பிளாண்ட் வைப்பது நல்லதே. வெயில் படாமலும் வளரும். ஆனால் வெளிச்சம் குறைந்தால் செடி குடிக்கும் தண்ணீரும் குறையும். "பாவம், வாடிடுமே"ன்னு தினமும் ஊத்தாதீங்க. வேர் அழுகும், மிச்சத் தண்ணீர் அடித்தட்டில் தேங்கும். அந்தத் தெளிந்த நீரில்தான் டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு வளரும். ஏழு, பத்து நாளில் பறந்துவிடும்.

புகையடிக்க ஆள் வரட்டும் என்றிருப்பது சரியல்ல. புகைக்குப் பறக்கும் கொசுதான் சாகும். தட்டிலுள்ள புழு தப்பிவிடும். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி கொசு வளரவிடுவது குற்றமும்கூட.

என் கருத்து இதுதான்: போத்தல் தண்ணீர் வேண்டாம், மண்ணில் நடுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். ஓரத்தில் முட்டை ஒட்டியிருக்கும். வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். பிள்ளை ஆஸ்பத்திரியில் படுத்தால் நிம்மதியும் போகும், கூலியும் போகும்.