வானேறிய வீடுகளும் மாறாத உறவுகளும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெளிவந்த அமெரிக்கக் கார்ட்டூன் படங்களைத் தீர்க்கதரிசனங்கள் எனப் போற்றுவது இன்று வழக்கமாகிவிட்டது. முகம் பார்த்துப் பேசும் தொலைபேசியையும் தானே வீட்டைத் துப்புரவாக்கும் இயந்திரத்தையும் அவை அன்றே காட்டிவிட்டன என்பது போற்றுவோர் வாதம். கருவிகளை மட்டும் எண்ணுவோர்க்கு இவ்வாதம் போதுமானதாயிருக்கலாம். ஆனால் வீடு என்பது கருவிகளின் தொகுதி அன்று. மனிதர் ஒருவரோடொருவர் கொள்ளும் உறவுகளின் வடிவம் அது. அவ்வுறவுகளைப் பொறுத்தவரை இப்படங்கள் எதிர்காலத்தை எட்டியும் பார்க்கவில்லை என்பதே எமது வாதம்.

இவ்வகைப் படங்களுள் புகழ்பெற்றது, ஹன்னா-பார்பெரா நிறுவனம் 1962 இல் தொலைக்காட்சிக்கென உருவாக்கிய 'ஜெற்சன்ஸ்' தொடராகும். நெடிய தூண்களின் உச்சியில் தட்டுகளைப் போல் வீடுகள் நிற்க, அவற்றிடையே கார்கள் பறந்து செல்லும். நிலமோ கண்ணிற் படுவது அரிது. இவ்வடிவங்களும் ஓவியரின் தனிக் கற்பனையல்ல. 1960 இல் லொஸ் ஏஞ்சலிஸ் மலைச்சரிவில் ஒற்றைத் தூண்மீது ஜோன் லோட்னர் அமைத்த எண்கோண வீடும், 1961 இல் அந்நகர விமான நிலையத்தில் எழுந்த வளைகாற் கட்டடமும், 1962 இல் சியாற்றில் உலகக் கண்காட்சிக்கென எழுப்பப்பட்ட 605 அடிக் கோபுரமும் அன்றைய நிகழ்காலத்தின் கட்டடங்களே. அவற்றைப் பெருக்கி ஒரு நகரமாக்கியதே படத்தின் பணி.

அத்தூண்களின் உச்சியில் வாழ்வோர் யாவர்? தந்தை முதலாளியின் கூச்சலுக்கு நடுங்கி வேலை பார்க்கிறார். தாய் வீட்டிலிருந்து விசைகளை அழுத்துகிறாள். தொடரின் தொடக்கக் காட்சியிலேயே, கணவன் ஒரு நோட்டை நீட்ட, மனைவி பணப்பையையே பறித்துக்கொண்டு கடைக்குப் போகிறாள். வீட்டுக்கு வரும் றோபோவும் ஏப்ரன் அணிந்த வேலைக்காரியே. அவளும் காலங்கடந்த பழைய மாதிரியைச் சேர்ந்தவள். இதே நிறுவனம் 1960 இல் தொடங்கிய 'பிளின்ற்ஸ்ரோன்ஸ்' தொடர் கற்காலத்தைக் காட்டியது. அங்கும் இதே கணவன், இதே மனைவி, இதே முதலாளி! கற்கால வீட்டிலும் விண்வெளிக் கோபுரத்திலும் ஒரே குடும்பம் குடியிருக்குமெனின், அதுவே இயற்கை நியதி என்றன்றோ பார்ப்போர் மனத்திற் பதியும்? அமெரிக்க மத்தியதர வர்க்கம் தன் நிகழ்காலத்தை நித்தியமாக்கிக்கொண்ட விதம் இது.

'இவை வெறும் வேடிக்கை; வேடிக்கையில் சமூகவியல் தேடலாமா?' எனச் சிலர் வினவுவர். எதையும் தலைகீழாக்கும் சுதந்திரம் வேடிக்கைக்கு உண்டு என்பதாலேயே தேடுகிறோம். 1949 இல் ரெக்ஸ் ஏவரி இயக்கிய 'நாளைய வீடு' என்னும் படம் புதுக்கருவி மோகத்தையே கேலிசெய்தது. ஆயினும் மாமியாரைத் தீர்த்துக்கட்டும் பழைய பகிடியையே அது மீண்டும் மீண்டும் நாடியது. புவியீர்ப்பையே வெல்லத் துணிந்த தூரிகை, வீட்டு வேலை எவர் தலையில் விழுகிறது என்பதை மாற்றத் துணியவில்லை.

இதனைச் சிறு குறையெனத் தள்ளிவிட முடியாது. 1957 இல் டிஸ்னிலான்டில் மொன்சான்ரோ நிறுவனத்தின் பிளாஸ்ரிக் 'எதிர்கால வீடு' திறக்கப்பட்டது. அதே ஆண்டில், வெள்ளையருக்கு மட்டுமே வீடுகள் விற்கப்பட்ட பென்சில்வேனியாவின் லெவிற்ரவுன் குடியிருப்பில் முதலாவது கறுப்பினக் குடும்பம் குடிபுகுந்தபோது, கும்பல் கூடிக் கல்லெறிந்தது. ஐந்து ஆண்டுகளின் பின் வந்த 'ஜெற்சன்ஸ்' நகரில் கறுப்பின மனிதர் எவரையும் காணோம். கல்லெறிந்தோர் விரும்பிய நகரத்தை ஓவியர் நகைமுகத்தோடு வானிற் கட்டிக்கொடுத்தனர்.

இன்றும் வருங்கால நகரங்கள் வண்ணப் படங்களாக எம்முன் விரிக்கப்படுகின்றன. கோபுரத்தின் உயரத்தைக் கண்டு வியப்பதற்கு முன், அதனைத் துடைப்பவர் யார், அதற்கு உடைமையாளர் யார், அதனுள் புகவிடப்படாதோர் யார் என நாம் வினவுதல் வேண்டும். அவ்வினாக்களுக்கு இடமளியாத எதிர்காலம், உயரத்திற் கட்டப்பட்ட பழமையேயாகும்.