குழாயில் படியும் கல்: குற்றம் கிணற்றிலா?

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, 2015இன் பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பியுள்ளன. திரும்பும் நாளை எதிர்பார்த்திருப்போரும் உளர். ஒரு காலத்தில் துலாவால் நீர் அள்ளிய வளவுகளில் இன்று மோட்டரும் தண்ணீர்த் தாங்கியும் பீ.வீ.சி. குழாயும் வந்துவிட்டன. ஆனால் சில காலம் செல்ல, குழாயில் தண்ணீர் நூலாக வடிகிறது, திருகுபிடி இறுகுகிறது, கேத்திலின் அடியில் வெள்ளைக் கல் தடிக்கிறது. கிணறு பழுதாகிவிட்டதென்று கலங்குவோரும், கடன்பட்டுப் புதுக் குழாய் போடுவோரும், விலை கூடிய கருவிகளை வாங்குவோரும் உண்டு.

கிணறு பழுதாகவில்லை. அதன் நீரை அறியாமல் குழாய் பூட்டும் வழக்கமே பிழையானது.

குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்தது. மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டு வாயுவைச் சேர்த்துக்கொண்டு கீழிறங்கும் மழைநீர், அக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. அதனாலேயே எமது கிணற்று நீர் வன்னீராக இருக்கிறது. நீர் சூடாகும்போதும் அவ்வாயு வெளியேறும்போதும் கரைந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகிப் படிகிறது. கேத்திலிலும், வெயிலிற் கிடக்கும் குழாயிலும், ஓயாமல் சொட்டும் குழாய் வாயிலும் கல் பிடிப்பது இதனாலேயே.

இக்கல்லைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. நீரின் வன்மைக்கு உடல்நலத்தை அடிப்படையாகக் கொண்ட எல்லை எதனையும் உலக சுகாதார நிறுவனம் விதிக்கவில்லை. அஞ்சவேண்டியது கண்ணுக்குத் தெரியாத நைத்திரேற்றுக்கே. தோட்டத்துப் பசளையிலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் அது கிணற்றைச் சேர்கிறது. அதற்கு நிறமில்லை, கொதிக்க வைத்தாலும் போகாது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்டால், அந்நீரிற் கரைத்த புட்டிப்பாலைக் குடிக்கும் சிசுவுக்கு ஆபத்து. வவுனியா போன்ற பாறைநிலப் பகுதிகளில் புளோரைட்டையும் பார்க்கவேண்டும். ஆகவே கல் நீக்கும் கருவிக்குப் பணம் கொடுக்குமுன் நீரைப் பரிசோதிப்பதே புத்தி.

கல்லை நாமே அகற்றலாம். குழாய் வாயைக் கழற்றி இரவு முழுவதும் வினாகிரியில் ஊறவிட்டுத் தேய்த்தால் கல் இளகும். கேத்திலில் தேசிக்காய்ப் புளி கலந்த நீரைக் கொதிக்க வைத்தாற் போதும். குழாயை மண்ணுக்குள் புதைப்பதும், சொட்டும் வாயை உடனே திருத்துவதும் நன்று. மலசலகூடம் கழுவும் அசிட்டைக் குழாயில் ஊற்றவேண்டாம். கிணற்றுக்கு இடும் குளோரின் தூளுடன் அது சேர்ந்தால் நச்சுவாயு எழும்.

எனினும் எல்லாப் பொறுப்பையும் குடும்பத்தின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. வீட்டுத்திட்டத்தில் ஒவ்வொரு மூட்டையும் பசையால் ஒட்டிவிட்டுப் போனால், அடைபட்ட குழாயை வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. வளைவுகளில் கழற்றிப் பூட்டக்கூடிய யூனியன் மூட்டுகளை வைத்தால் கம்பியும் தூரிகையும் கொண்டு துப்புரவாக்கலாம். இதற்குச் சிறிது செலவு கூடும் என்பர். அச்செலவை இன்று திட்டம் ஏற்காவிட்டால், நாளை பல மடங்காக ஏற்கப்போவது வருமானம் குன்றிய கமக்காரக் குடும்பமே.

கூரைக்குப் பீலியும் ஒரு தாங்கியும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் சிறப்பு. மழைநீரில் சுண்ணாம்பு இல்லை. ஐப்பசி, கார்த்திகையிற் பெய்யும் மழையைச் சேமித்தால், உடுப்புத் துவைக்கச் சவர்க்காரமும் மிஞ்சும். கேத்திலிலும் கல் பிடியாது.

வீட்டுத்திட்டப் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எமது கிணற்று நீரைப் பரிசோதித்தீர்களா? குழாயைக் கழற்ற முடியுமா? கூரைநீர் எங்கே போகிறது? தனியாகக் கேட்கத் தயக்கமெனில் மாதர் சங்கத்தினூடாகவோ கமக்காரர் அமைப்பினூடாகவோ சேர்ந்து கேளுங்கள். தருவதை வாய்பேசாமல் வாங்கிக்கொள்ளும் நிலை முகாமோடு முடியட்டும்.