நாயின் கட்டைவிரல் நகம்: கவனிப்பாரற்ற ஓர் உறுப்பு

வீட்டு நாய்களின் உடல்நலம் பற்றிப் பேசுவோர் தடுப்பூசியைப் பற்றியும், குடற்புழுவைப் பற்றியும், உண்ணியைப் பற்றியும் விரிவாகப் பேசுவர். நகத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. தெருவிலும் வயலிலும் ஓடித் திரியும் நாட்டு நாய்க்கு இக்கவலை பெரும்பாலும் இல்லை. மண்ணும் கல்லும் அதன் நகங்களைத் தேய்த்துவிடுகின்றன. நகரத்து மாடிக் குடியிருப்புகளில் வளரும் பொமரேனியன், பக், லாசா ஆப்சோ முதலிய சிறு நாய்களின் நிலையோ வேறு. அவற்றின் எடை குறைவு. நடமாட்டமும் வழவழப்பான தரையின் மீதே. நகம் வளரும் அளவிற்கு அது தேய்வதில்லை. அவற்றுள்ளும் ஒரு நகம் நடக்கும்போது தரையில் படுவதேயில்லை. முன்காலின் உட்புறத்தில், பாதத்திற்குச் சற்று மேலே ஒதுங்கி நிற்கும் சிறு விரலின் நகமே அது.

இந்நகத்திற்கு ஆங்கிலத்தில் பனித்துளியோடு தொடர்புபடுத்திய பெயர் ஒன்று வழங்குகிறது. மற்ற விரல்கள் மண்ணில் பதிய, இவ்விரல் புல்லின் மீதுள்ள பனியை மட்டுமே தொடுகிறது என்னும் கருத்தில் அப்பெயர் எழுந்ததாகக் கூறுவர். பெயர் அழகியதுதான், ஆயினும் அதனைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் படிப்பவர் எவருக்கும் பொருள் விளங்காது. மனிதனின் கட்டைவிரலுக்கு நேராக அமைந்த விரல் இது. ஆதலின் கட்டைவிரல் என்று சொல்வதே நேரிது. அச்சொல்லிலேயே உடலமைப்புப் பாடமும் பாதி அடங்கிவிடுகிறது.

நாய் நான்கு விரல்களை ஊன்றி நடக்கும் பிராணி. கால் ஒன்றுக்கு நான்கு நகங்களும், முன்கால்களில் இரு கட்டைவிரல் நகங்களும் சேர்ந்து பொதுவாகப் பதினெட்டு நகங்கள் இருக்கும். சில நாய்களுக்குப் பின்காலிலும் கட்டைவிரல் உண்டு. அப்போது கணக்கு இருபதாகும். பிரான்சு நாட்டுப் பிரியார் இனத்திற்குப் பின்கால் ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டைவிரல்கள் இருப்பது இன இலக்கணமாகவே கொள்ளப்படுகிறது. நகங்களின் எண்ணிக்கையைக் கொண்டு நாயின் வீரத்தையும் தூய குலத்தையும் அளப்பவர் நம் நாட்டில் இன்னும் உளர். நகத்தை எண்ணுவதில் காட்டும் அக்கறையில் கால் பங்கை அதன் நீளத்தைப் பார்ப்பதில் காட்டினால் நாய்களுக்குப் பெரும் நன்மை விளையும்.

தேயாத நகம் வளைந்து வளர்கிறது. மாதங்கள் செல்லச் செல்ல அது வளையம் போலச் சுருண்டு, கூரிய நுனி காலின் தோலையே நோக்கித் திரும்புகிறது. கவனியாது விட்டால் அந்நுனி தோலைத் துளைத்து உட்புகும். பிறகு நாய் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் புண் அசைகிறது; சீழ் பிடிக்கிறது; வெப்பமான மாதங்களில் ஈ மொய்த்துப் புழு வைப்பதும் உண்டு. அடர்ந்த மயிருள்ள சிறு நாய்களில் இவையெல்லாம் மயிரின் மறைவிலேயே நிகழ்வதால் வீட்டார் அறிவதில்லை. நாய் ஓயாமல் முன்காலின் உட்புறத்தை நக்குவதும், வெண்மயிர் கொண்ட நாயில் அவ்விடம் எச்சிற்கறையால் செம்பழுப்பாக மாறுவதும், தொட்டால் காலை இழுத்துக்கொள்வதுமே வெளியே தெரியும் அடையாளங்கள். முதிய நாய்களிடம் இது மிகுதி. வயதினால் தளர்ந்து நடக்கிறது என்று வீட்டார் இரங்கிக்கொண்டிருக்க, உண்மையில் அது ஆணி தைத்த காலுடன் நடந்துகொண்டிருக்கும்.

மற்ற நகங்கள் நீள்வதாலும் தீங்கு உண்டு. நின்ற நிலையில் நாயின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்கால்களே தாங்குகின்றன. நீண்ட நகம் தரையில் முட்டும்போது விரல் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. நாய் தன் நிற்கும் முறையையே மாற்றிக்கொள்கிறது. பளிங்குத் தரையில் வழுக்கி விழுகிறது. நடக்கையில் டக்டக்கென்று ஓசை கேட்டால் நகம் நீண்டுவிட்டது என்று பொருள். கட்டைவிரல் நகத்திற்கு அவ்வோசையும் இல்லை. அதனைக் கையால் தடவிப் பார்த்தே அறிய வேண்டும்.

நகம் வெட்டுவதில் பலருக்கும் உள்ள அச்சம் இரத்தத்தைப் பற்றியது. நகத்தின் உட்புறத்தில் இரத்தக்குழாயும் நரம்பும் செல்லும் சதைப்பகுதி ஒன்றுண்டு. வெண்ணிற நகத்தில் அது இளஞ்சிவப்பாக வெளியே தெரியும். அதற்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னதாகவே வெட்டி நிறுத்திவிடலாம். கருநிற நகத்தில் தெரியாது. ஆதலால் மெல்லிய சீவல்களாக நுனியிலிருந்து சிறிது சிறிதாக வெட்டி, ஒவ்வொரு முறையும் வெட்டுவாயைப் பார்த்தல் வேண்டும். உலர்ந்த பரப்பின் நடுவே ஈரப்பசையுள்ள கரிய புள்ளி ஒன்று தோன்றியதும் நிறுத்திவிட வேண்டும். தவறி இரத்தம் வந்தால், இரத்தக்கட்டுப் பொடியையோ, அது இல்லாவிடின் மக்காச்சோள மாவையோ நுனியில் அப்பி, பஞ்சால் சில நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் போதும். நெடுங்காலம் வெட்டாத நகத்தில் உட்சதையும் நகத்துடன் நீண்டிருக்கும். அதனை ஒரே நாளில் சரிசெய்ய முயல்வது கொடுமை. வாரம் ஒருமுறை சிறிதளவு வெட்டிவந்தால் சதை மெல்லப் பின்வாங்கும். அதன்பின் மூன்று நான்கு வாரத்திற்கு ஒருமுறை வெட்டினால் போதுமானது.

மனிதரின் நகவெட்டி தட்டையான நகத்திற்காகச் செய்யப்பட்டது. நாயின் உருண்ட நகத்தை அது நசுக்கிப் பிளந்துவிடும். மிக இளம் குட்டிகளுக்கு மட்டுமே அது பொருந்தும். சுருண்டுபோன கட்டைவிரல் நகத்திற்குக் கத்தரி போன்ற அமைப்புடைய நாய் நகவெட்டியே ஏற்றது. வளையத்தில் நுழைத்து வெட்டும் வகையை அதில் மாட்டுவதே கடினம். நுனி ஏற்கெனவே தோலுக்குள் புகுந்திருந்தால் வீட்டிலோ முகாமிலோ தொடலாகாது. வலி தெரியாதிருக்க மருந்து கொடுத்து நகத்தை நீக்குவதும், புண்ணைத் தூய்மை செய்வதும், தேவைக்கேற்ப நுண்ணுயிர்க்கொல்லி தருவதும் கால்நடை மருத்துவரின் பணி. வலிக்கிறதே என்று மனிதருக்குரிய மாத்திரையைப் பாதியாக்கிக் கொடுக்கும் வழக்கம் மிகவும் ஆபத்தானது. இபுப்ரோஃபென் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கவல்லது.

நிற்க, இத்தனை தொல்லை தரும் விரலைக் குட்டியிலேயே நீக்கிவிட்டால் என்ன என்ற கேள்வி எழும். மேனாடுகள் சிலவற்றில் பிறந்த சில நாட்களிலேயே அதனை வெட்டியெடுக்கும் வழக்கம் உண்டு; நம் நாட்டிலும் குட்டி விற்பனையாளர் சிலர் அதனைப் பின்பற்றுகின்றனர். இது ஏற்கத்தக்கதன்று. முன்காலின் கட்டைவிரல் வெறும் தோற்றொங்கல் அல்ல. அதற்கு எலும்பும் மூட்டும் தசைநாண்களும் உண்டு. நாய் விரைந்து ஓடித் திரும்பும்போது அவ்விரல் தரையில் ஊன்றக்கூடும். எலும்பைக் கடிக்கையில் அதனைப் பிடித்துக்கொள்ளவும் உதவுகிறது. மாதம் ஒரு நிமிட வேலையைத் தவிர்ப்பதற்காக ஓர் உறுப்பையே களைவது, மயிர் வெட்டச் சோம்பித் தலையைக் குறைப்பது போன்றது. பின்கால் கட்டைவிரல் எலும்பின் பிணைப்பின்றித் தோலால் மட்டும் தொங்கிக்கொண்டு அடிக்கடி சிக்கிக் கிழிபடுமாயின், அல்லது கட்டி தோன்றினால், அல்லது புண் ஆறாமல் மீண்டும் மீண்டும் வருமாயின், அறுவை நியாயமானதே. அதையும் மருத்துவர் மயக்க மருந்து கொடுத்தே செய்தல் வேண்டும்.

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பிராணியைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலத்தைப் பேணவும் தேவையற்ற வலியைத் தடுக்கவும் கடமைப்பட்டவர் என்கிறது. வலி பிறர் அடிப்பதால் மட்டுமே வருவதன்று, பாராமுகத்தாலும் வரும். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டமோ, மாநில அரசின் ஆணை பெற்ற கால்நடை ஆய்வாளர் போன்றோர் பதிவுபெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகளைச் செய்ய இடமளிக்கிறது. ஆகவே களப்பணியாளர் அறுவையில் இறங்காமல், பார்த்துச் சொல்லும் பணியை ஏற்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

இப்பணிக்குத் தனி முகாம் வேண்டுவதில்லை. வெறிநோய்த் தடுப்பூசிக்காக ஆண்டுதோறும், சிறப்பாகச் செப்டம்பர் 28ஆம் நாள் உலக வெறிநோய் தினத்தையொட்டி, நாய்கள் முகாமுக்குக் கொண்டுவரப்படுகின்றன. நாய் எப்படியும் ஒருவர் கையில் பிடிபட்டிருக்கும். ஊசி போட்டவுடன் இரு முன்கால்களின் உட்புறத்தையும் விரலால் தடவிப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. ‘இந்நகம் வளைகிறது, இதை வெட்டுங்கள்’ என்று உடையவரின் கையைப் பிடித்துத் தொட்டுக் காட்டிவிட்டால், அச்சிட்ட துண்டுப் பிரசுரம் பத்தும் செய்யாததை அது செய்யும். நகம் முழுவதும் சுருண்டவற்றின் விவரத்தை மட்டும் தனியே குறித்து மருத்துவரிடம் அளிக்கலாம். முகாமிலேயே வெட்ட நேர்ந்தால் ஒவ்வொரு நாய்க்கும் பின் கருவியைக் கிருமிநாசினியில் கழுவுதல் அவசியம். கூட்டத்தில் மிரண்ட நாய்க்கு வெட்ட முனைவது வேண்டாம். ஊசிக்கே முகாமுக்கு வர மறுக்கும் நாயாக அது மாறிவிடும்.

ஆசிரியர்களுக்கு இதில் நல்லதொரு பாடம் கிடக்கிறது. பசுவின் குளம்புக்கு மேல் பின்புறத்தில் இரு சிறு குளம்புகள் தொங்குவதை எல்லா மாணவரும் கண்டிருப்பர். அவை இரண்டாவது, ஐந்தாவது விரல்கள். குதிரை மூன்றாம் விரல் ஒன்றினால் மட்டுமே நடக்கிறது. நாய்க்கு உயர்ந்து நிற்பது முதல் விரல். ஐந்து விரல் என்னும் ஒரே அமைப்பு எப்படியெல்லாம் குறைந்தும் மாறியும் வந்திருக்கிறது என்பதை மாணவர் தம் கையை மேசைமீது வைத்துக்கொண்டே ஒப்பிட்டறியலாம். வீட்டில் நாய் உள்ளவர் பெரியவர் துணையோடு அதன் நகங்களை எண்ணி வரலாம். தெரு நாய்களிடம் இச்சோதனை கூடாது என்பதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். நகத்தை வெட்டும் பொறுப்பையும் சிறுவரிடம் விடலாகாது; வலி கண்ட நாய் பழகிய கையையும் கடிக்கும். எந்த நாயானாலும் கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும் என்பதையும் அவ்வகுப்பிலேயே சேர்த்துச் சொல்லலாம்.

குட்டி வாங்கியவர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் எளிது. வந்த நாள் முதலே உணவுக்குப் பின் குட்டியின் பாதங்களைக் கையில் எடுத்து விரல்களை மெல்ல அழுத்திப் பழக்கிவரட்டும், வெட்டுவது பின்னரே. முதல் நாள் ஒரு நகம், மறுநாள் ஒரு நகம் என்று தொடங்கினாலும் குறைவில்லை. அந்த முதல் நகம் கட்டைவிரலுடையதாக இருக்கட்டும்.